மெலிந்த பிணைப்பு: முப்பரிமாணத்திலும் தளத்திலும்

இரண்டு குவாண்டம் துகள்கள் பிணைந்து நிற்க, முப்பரிமாணத்தில் அவை ஒன்றையொன்று இழுக்கும் ஈர்ப்பு இருந்தால் மட்டும் போதாது. ஈர்ப்புக் குழிக்கு, அதாவது ஈர்ப்பால் நிலையாற்றல் தாழ்ந்திருக்கும் பகுதிக்கு, குறைந்தபட்ச ஆழமும் வேண்டும். இரண்டு ஹீலியம்-4 அணுக்கள் அந்த வரம்பை மயிரிழையில் தாண்டுகின்றன: பிணைப்பு ஆற்றல், வெப்பநிலை அலகில் சொன்னால், ஏறத்தாழ 1.8 மில்லிகெல்வின், அணுக்களின் சராசரி இடைவெளி சுமார் 50 ஆங்ஸ்ட்ராம் (ஒரு ஆங்ஸ்ட்ராம் என்பது மீட்டரில் ஆயிரம் கோடியில் ஒரு பங்கு). எடை குறைந்த ஹீலியம்-3 இணைக்கு அதுவும் வாய்க்கவில்லை.

தளத்தில், அதாவது இரு பரிமாணத்தில், கதையே வேறு. எங்கும் ஈர்க்கும் விசை எவ்வளவு மெல்லியதானாலும் ஒரு பிணைப்பு நிலை உறுதி; ஆனால் ஈர்ப்பு குறையக் குறைய அதன் ஆற்றல் அடுக்குக்குறி முறையில் தேய்ந்துவிடும்.

என்னை அதிகம் ஈர்ப்பது சிதறல்தான், அதாவது துகள்கள் மோதி விலகுவது. வேகம் சுழியை நெருங்கும்போது முப்பரிமாணத்தில் சிதறல் குறுக்குவெட்டு (மோதலில் துகள் காட்டும் பயனுறு அளவு) பொதுவாக ஒரு மாறாத மதிப்பில் நின்றுவிடுகிறது. தளத்திலோ அது மடக்கைச் சார்பையும் சுமந்துகொண்டு வரம்பின்றி வளர்கிறது.

மூன்று போசான்களுக்கு (பல சேர்ந்து ஒரே நிலையில் இருக்கக்கூடிய துகள்களுக்கு), ஒத்திசைவின்போது, அதாவது இரு துகள் பிணைப்பு உருவாகும் விளிம்பில், முப்பரிமாணத்தில் முடிவற்ற எண்ணிக்கையில் பிணைப்பு நிலைகள் உண்டு என்று இயற்பியலாளர் எஃபிமோவ் 1970இல் காட்டினார். குறுகிய வீச்சு ஈர்ப்புள்ள தளத்தில் இரண்டே இரண்டு.