பழைய மர ஸ்நேர் டிரம் வாங்குபவர்கள் கவனத்துக்கு: நான் ரிம்மின் அளவை நம்பி 1,150 டாலரை இழந்தேன்

1,150 டாலர் போய்விட்டது. நேற்று இரவுதான் நான் டிரம் வாங்கிய இணைய விற்பனைத் தளத்திலிருந்து கடைசிப் பதில் வந்தது. "விளம்பரத்தில் சொன்னதற்கும் வந்த பொருளுக்கும் முரண்பாடு இல்லை" என்று எழுதி என் புகாரை மூடிவிட்டார்கள். ராத்திரி முழுக்கத் தூக்கம் இல்லை. நம் ஆட்களில் இன்னொருவர் இதே குழியில் விழக் கூடாது என்பதற்காக இப்போதே எழுதுகிறேன்.

டொராண்டோவில் ஒரு மெல்லிசைக் குழுவில் டிரம்ஸ் வாசிக்கிறேன். ஸ்லிங்கர்லேண்ட் கம்பெனியின் ரேடியோ கிங் ஸ்நேர் (அடியில் கம்பிகள் பூட்டிய டிரம்) ஒன்று வாங்க வேண்டும் என்பது என் பல வருட ஆசை. சிகாகோவில் செய்தது, 1930களில் ஜாஸ் டிரம்மர் ஜீன் க்ரூபா வாசித்த வகை. இன்றைய ஷெல்கள், அதாவது டிரம்மின் வட்டமான மர உடல்கள், பெரும்பாலும் மெல்லிய மரத் தகடுகளை அடுக்கி ஒட்டியவை. ரேடியோ கிங் அப்படி இல்லை. ஒரே மேப்பிள் பலகையை நீராவியில் பதப்படுத்தி வட்டமாக வளைத்து, இரண்டு முனைகளையும் ஒட்டி, அந்த வட்டம் கலையாமல் இருக்க உள்ளே மேலும் கீழுமாக இரண்டு மர வளையங்களை ஒட்டியிருப்பார்கள். அந்தச் சத்தத்தை ஒரு தடவை நேரில் கேட்டவருக்கு ஏன் இவ்வளவு ஆசை என்று புரியும்.

அந்தத் தளத்தில், பழைய வாத்தியங்கள் மட்டுமே விற்கும் ஒரு கடையின் விளம்பரம் கண்ணில் பட்டது. 1940களின் ரேடியோ கிங், 14 இன்ச், பழைய கன்றுத்தோல் ஹெட் (அடித்து வாசிக்கும் தோல்) மாட்டியபடியே. தபால் செலவோடு 1,150 டாலர். கடைக்காரருக்குப் போன் செய்தேன். முக்கால் மணி நேரம் பேசினார். அவருக்கு விஷயம் தெரிந்திருந்தது, பொறுமையாகவும் பதில் சொன்னார். ஷெல் வட்டமாக இருக்கிறதா, கோணியிருக்கிறதா என்று நேராகவே கேட்டேன். "எண்பது வருடம் காய்ந்த மரம். இனிமேல் எங்கே அசையப் போகிறது?" என்றார்.

அந்த வார்த்தையில்தான் விழுந்தேன். என் அப்பா மிருதங்கக்காரர். பலாக்கட்டை காயக் காயத்தான் நிலைக்கும் என்று சொல்லிச் சொல்லியே என்னை வளர்த்தவர். கடைக்காரர் சொன்னது அப்பாவின் பேச்சு மாதிரியே காதில் விழுந்தது. போதாததற்கு அன்று மாலையே இரண்டு படங்கள் அனுப்பினார். டிரம்மின் மேல் டேப்பை ஒரு முறை நெடுக்கில், ஒரு முறை குறுக்கில் வைத்து எடுத்த படங்கள். இரண்டிலும் ஒரே அளவு. உடனே பணம் கட்டிவிட்டேன்.

டேப் இருந்தது ரிம்மின் மேல், அதாவது ஹெட்டை அழுத்திப் பிடிக்கும் உலோக வளையத்தின் மேல். ரிம் இரும்போ பித்தளையோ, அது வட்டமாகத்தான் இருக்கும். அதற்கு அடியில் இருக்கும் மரம் எப்படி இருக்கிறது என்று அந்தப் படத்தில் தெரியாது. இது எனக்கு அன்றைக்குத் தோன்றவில்லை.

டிரம் வந்தது. கன்றுத்தோல் இங்கே குளிர்கால ஹீட்டர் காற்றில் விறைத்துப்போகும், மேடைக்கு ஒத்துவராது. அதனால் புது பிளாஸ்டிக் ஹெட் வரவழைக்க ஒரு வாரம் ஆனது. கடையின் திருப்பி அனுப்பும் கெடு 7 நாள். ஒன்பதாம் நாள் ஹெட்டை மாட்டப் பார்த்தால் ஒரு பக்கம் ஷெல்லில் இறுகிப் பிடிக்கிறது, அதற்குக் குறுக்குப் பக்கம் இடைவெளி விட்டு ஆடுகிறது. எப்படியோ மாட்டிச் சுருதி சேர்த்தேன். எந்த லக்கை (ஹெட்டை இறுக்கும் திருகை) முறுக்கினாலும் எதிர்ப்பக்கம் சுருக்கம் விழுந்தது. எட்டு லக்கும் எட்டுச் சுருதியில் நின்றன. எல்லாவற்றையும் கழற்றி வெறும் ஷெல்லை அளந்தேன். ஒரு திசையில் 355 மில்லிமீட்டர், அதற்குக் குறுக்கே 349. ஆறு மில்லிமீட்டர் வித்தியாசம்! ஒன்றிரண்டு மில்லிமீட்டர் என்றால் பழைய டிரம் என்று ஏற்றுக்கொண்டு வாசித்துவிடலாம். ஆறு என்றால் அது முட்டை வடிவம்.

பழைய கன்றுத்தோல் ஹெட் ஏன் இதைக் காட்டிக்கொடுக்கவில்லை என்றால், தோலை நனைத்து மர வளையத்தில் சுற்றிக் காயவைப்பார்கள். அது ஷெல்லின் வடிவத்துக்கே படிந்துவிடும். பிளாஸ்டிக் ஹெட்டின் அலுமினிய வளையம் அப்படி வளைந்து கொடுக்காது.

டார்ச் அடித்து உள்ளே பார்த்தபோதுதான் வயிறு எரிந்தது. மேல் வளையம் ஒரு கையகல நீளத்துக்கு ஷெல்லை விட்டுப் பிரிந்திருக்கிறது. இடுக்கில் பழைய தூசி கருப்பாக அடைந்திருக்கிறது. அதன் மேல் புதிதாக வெள்ளைப் பசைக் கோடு. அதாவது யாரோ ஏற்கெனவே பார்த்திருக்கிறார்கள், ஒட்டியும் பார்த்திருக்கிறார்கள்.

காய்ந்த மரம் அசையாது என்பது பாதி உண்மைதான். எத்தனை வருடம் காய்ந்தாலும் மரம் காற்றிலிருக்கும் ஈரத்தை இழுக்கும், விடும். அப்பாவின் மிருதங்கம் மரத்தைக் குடைந்து செய்தது. அதை யாரும் வளைக்கவில்லை. இது வளைத்த பலகை. எண்பது வருடம் ஆனாலும் நிமிரத்தான் பார்க்கும். அதைப் பிடித்து வைத்திருப்பது அந்த இரண்டு வளையங்களும் பசையும்தான். அந்தக் காலத்துப் பசை நம் தச்சர்கள் வச்சிரம் என்பார்களே, அந்த வகை. வெப்பமும் ஈரமும் சேர்ந்தால் இளகும். மேல்மாடப் பரணிலோ நிலவறையிலோ ஹெட்டும் ரிம்மும் இல்லாமல் வருடக்கணக்கில் போட்டுவைத்தால் பசை விடும், வட்டம் தப்பும். செய்தவர்களை நான் குறை சொல்லவில்லை. அவ்வளவு நல்ல டிரம்மை அப்படிப் போட்டுவைத்தவர்களையும், தெரிந்தே விற்றவரையும்தான் சொல்கிறேன்.

சரி, கடைக்காரருக்கு எழுதினேன். முதல் பதில்: "பழைய டிரம்முக்குச் சுருதி சேர்க்கத் தனிப் பழக்கம் வேண்டும்." இருபத்திரண்டு வருடமாக வாசிக்கிறேன்! அளவுகளை அனுப்பினேன். "உங்கள் வீட்டு ஹீட்டரால் வந்திருக்கும்" என்றார். ஒன்பது நாளில் ஆறு மில்லிமீட்டரா? அந்த இடுக்கில் அடைந்த தூசியும் என் வீட்டு ஹீட்டரில் வந்ததா? பசைக் கோட்டின் படத்தை அனுப்பினேன். அதற்குப் பதிலே இல்லை. போனில் கடைப் பையன், "சார் வெளியூர் போயிருக்கிறார்" என்றான். அன்றைக்கே அதே கடையில் புது விளம்பரங்கள் ஏறிக்கொண்டிருந்தன.

தளத்துக்காரர்களிடம் போனேன். வட்டமாக இருக்கிறது என்று விளம்பரத்தில் எங்கே எழுதியிருக்கிறது என்று கேட்டார்கள். எழுதவில்லை, போனில் சொன்னார். போனில் சொன்னது கணக்கில் வராதாம். "பழைய பொருள், உள்ளபடியே விற்கப்படுகிறது" என்ற ஒரு வரி மட்டும் கணக்கில் வருமாம்.

இங்கே டிரம் பழுது பார்க்கும் ஒருவரிடம் காட்டினேன். வளையங்களை எடுத்து, ஷெல்லைத் திரும்ப வட்டத்துக்குக் கொண்டுவந்து, புது வளையம் ஒட்டி, விளிம்பையும் சீவ வேண்டும், 400 டாலர் ஆகும், உத்தரவாதம் தர முடியாது என்றார். விளிம்பை மட்டும் சீவினால் வட்டம் திரும்பாது என்றும் சொன்னார். 1,150 போட்டது போதாது என்று இன்னும் 400 போட எனக்கு மனசு இல்லை.

வாங்குகிறவர்கள் செய்ய வேண்டியதை விரிவாக எழுத நினைத்தேன். இப்போது முடியவில்லை, முக்கியமானதை மட்டும் சொல்கிறேன். ஹெட், ரிம், லக் எல்லாம் கழற்றிய வெறும் ஷெல்லை நான்கு திசையில் அளந்து படம் கேளுங்கள். மேல் விளிம்பு, கீழ் விளிம்பு இரண்டும் வேண்டும். மூன்று மில்லிமீட்டருக்கு மேல் வித்தியாசம் என்றால் விட்டுவிடுங்கள். உள்வளையத்தைச் சுற்றி டார்ச் அடித்த படம் கேளுங்கள். நேரில் போனால் புது ஹெட் ஒன்றைக் கையோடு கொண்டுபோய் வெறும் ஷெல்லில் வைத்துச் சுற்றிப் பாருங்கள், எங்கும் பிடிக்கக் கூடாது. "வட்டமாக இருக்கிறது" என்பதை எழுத்தில் வாங்காமல் பணம் கட்டாதீர்கள். பொருள் வந்த அன்றைக்கே கழற்றி அளந்துவிடுங்கள், என்னை மாதிரி ஒரு வாரம் காத்திருக்காதீர்கள்.

இதை எழுதும் முன் அந்தக் கடையின் பக்கத்தைத் திரும்பப் பார்த்தேன். இன்னும் இரண்டு பழைய மர ஸ்நேர் விற்பனைக்கு இருக்கின்றன. இரண்டுக்கும் ரிம்மின் மேல் டேப் வைத்த படம்தான் போட்டிருக்கிறார்.