இரண்டு டம்ளர் எவர்சில்வர் ஃபில்டர்: நாலு மாத அனுபவம்

எங்கள் வீட்டில் இருந்தது ஆறு பேருக்குக் காபி போடும் பெரிய ஃபில்டர். இப்போது குடிப்பது நாங்கள் இரண்டே பேர். அதில் மூன்று ஸ்பூன் பொடி போட்டால் அடியில் மெல்லிசாகப் பரவிக்கொள்ளும், ஊற்றிய தண்ணீர் மடமடவென்று இறங்கிவிடும், டிகாக்ஷனில் நிறம்தான் இருக்கும், ருசி இருக்காது. பொடியில்தான் கோளாறு என்று நினைத்து இரண்டு கடை மாற்றினேன். கடைசியில் பாத்திரக் கடைக்குப் போய் 420 ரூபாய்க்கு இந்தச் சின்ன ஃபில்டரை வாங்கினேன், மறுநாள் காலையே வித்தியாசம் தெரிந்துவிட்டது.

அதே மூன்று ஸ்பூன், சுமார் 25 கிராம், இதில் ஒரு விரல் கனத்துக்கு நிற்கிறது. லேசாகத் தட்டிச் சமப்படுத்தி, மேலே குடையை, அதாவது காம்பு வைத்த ஓட்டைத் தட்டை, வைத்து (அழுத்தவே கூடாது), தளதளவென்று கொதிக்கும் தண்ணீரை 130 மில்லி ஊற்றுகிறேன். பொடியே ஐம்பது மில்லியைக் குடித்துவிடும், மீதி சொட்டுச் சொட்டாக இறங்க இருபது நிமிடம் ஆகிறது. கள்ளிச்சொட்டு என்பார்களே, அப்படி ஒரு முதல் டிகாக்ஷன்!

வாங்கும்போது மேல் பாத்திரத்தை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து ஓட்டைகளைப் பாருங்கள். பொடிசாக, ஒரே அளவாக இருக்க வேண்டும். முன்பு ஒரு கடையில் அவசரமாக வாங்கிய ஃபில்டரில் ஓட்டை பெரிசு, டம்ளரின் அடியில் தினமும் மண்டி தங்கும். இதில் அந்தத் தொல்லை இல்லை. மாதம் ஒருமுறை அடிப்பக்கத்தை அடுப்பில் காட்டி, அடைத்த பொடியை எரித்துத் தட்டினால் போதும், எவர்சில்வர் கொஞ்சம் நீலம் பாயும், பரவாயில்லை.

ஒரு குறை உண்டு. இரண்டு பாத்திரமும் ரொம்ப இறுக்கமாகப் பொருந்துகின்றன. கீழே உள்ள காற்று வெளியேற வழியில்லாமல் சில நாள் டிகாக்ஷன் பாதியில் நின்றுவிடுகிறது, மேல் பாத்திரத்தை ஒருமுறை லேசாகத் தூக்கி வைத்தால் மறுபடி சொட்டும். இரவே போட்டுவிட்டுப் படுப்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

அப்புறம் பொடி. நான் போடுவது பீபெரியும் (உருண்டையான ஒற்றைக் கொட்டை) பிளான்டேஷன் ஏ-யும் (பெரிய தட்டைக் கொட்டை அரபிகா ரகம்) பாதிப்பாதி, அதோடு சிக்கரி 20 சதவீதம். சிக்கரி கூடினால் டிகாக்ஷன் கறுப்பாகக் கெட்டியாக இருக்கும், ஆனால் காபி மணம் அடிபட்டுப் போகும். சிக்கரி கலந்த பொடியில் காபி 51 சதவீதத்துக்குக் குறையக்கூடாது, விகிதத்தைப் பாக்கெட்டில் அச்சிட வேண்டும் என்பது விதி. ஃபில்டரைக் குறை சொல்லுமுன் அதைப் படித்துவிடுங்கள், காபி 53 சதவீதம்தான் என்று போட்டிருந்தால் எந்த ஃபில்டரும் காப்பாற்றாது. நூறு நூறு கிராமாகத்தான் அரைத்து வாங்குகிறேன், பத்து நாள் தாண்டினால் மணம் போய்விடுகிறது.

பித்தளை ஃபில்டர் அழகுதான், ஆனால் உள்ளே ஈயம் பூசியது தேய்ந்தால் மறுபடி பூச ஆள் தேட வேண்டும். தினப்படிக்கு எனக்கு எவர்சில்வரே சரி. பெரிய ஃபில்டரையும் பரணில் ஏற்றவில்லை, தீபாவளிக்கு ஊரிலிருந்து எல்லாரும் வரும்போது அதுதான் வேண்டும்.