ஆர்தர் கதைப் படங்கள்: கோப்பைக்கு எது, சுவருக்கு எது?

பரிசுப் பொருளில் அச்சிட எது நல்லது: பிரிட்டனின் பழங்கதை நாயகன் ஆர்தர் மன்னர் கதைக்கு ஆங்கில ஓவியர் ஆப்ரி பியர்ட்ஸ்லி 1893-94இல் வரைந்த கறுப்பு வெள்ளைப் படங்களா, அமெரிக்க ஓவியர் என். சி. வையத் 1917இல் தந்த வண்ண ஓவியங்களா? காபிக் கோப்பைக்கோ துணிப்பைக்கோ நான் பியர்ட்ஸ்லியைத்தான் எடுப்பேன், ஏனென்றால் அவற்றில் ஏறக்குறைய எல்லாமே லைன் பிளாக் அச்சுக்காக, அதாவது கோட்டுப் படத்தை உலோகத் தகட்டில் பொறித்து அச்சிடும் முறைக்காக வரையப்பட்டவை, சாம்பல் சாயலே கிடையாது, கோடும் அடர்கறுப்பும் மட்டும்தான், அதனால் முரட்டுத் துணியிலும் உருவம் கலங்காமல் நிற்கும், அந்தப் பூக்கொடி ஓரங்கள் பையில் அவ்வளவு அழகு. வையத் எண்ணெய் வண்ணத்தில் தீட்டியவர். வெளிச்சமும் நிழலும்தான் அவர் படத்துக்கு உயிர், கோப்பையின் வளைவில் சுருக்கினால் நிழல்கள் ஒன்றாகக் கலந்து சேறாகிவிடும். பெரிய சுவர்ப்படமாகவோ ஜிக்சா புதிராகவோ கொடுங்கள், பிரமாதமாக இருக்கும். அப்புறம், எதை எடுத்தாலும் நல்ல ஸ்கேன் வேண்டும், சின்ன ஃபைலைப் பெரிதாக்கினால் கோடுகள் பல்லிளித்துவிடும்.