"எல்லாம் சேர்த்துதான் அக்கா" என்று விற்ற பிந்தான் விடுமுறை: சின்னப் பிள்ளைகளோடு போகிறவர்கள் மீதிப் பணம் கட்டுமுன் படியுங்கள்

டிசம்பர் பள்ளி விடுமுறைக்குச் சின்னப் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு பக்கத்தில் எங்காவது போய்வரலாம் என்று தேடிக்கொண்டிருக்கும் பெற்றோருக்காக இதை எழுதுகிறேன். அறை, படகு, மூன்று வேளைச் சாப்பாடு, பிள்ளைகளுக்கு விளையாட்டு எல்லாம் ஒரே விலைக்குள் என்று, சிங்கப்பூருக்குப் பக்கத்தில் இருக்கும் இந்தோனேசியத் தீவான பிந்தானுக்கு விற்கிறார்களே, அதைப் பார்த்து வைத்திருப்பவர்கள் கட்டாயம் படியுங்கள். முன்பணம் கட்டியிருந்தாலும் பரவாயில்லை. மீதிப் பணம் கைவிட்டுப் போவதற்குள் செய்ய வேண்டிய வேலை ஒன்று இருக்கிறது.

எங்களுக்கு விற்ற நிறுவனத்தின் பெயரைப் போடவில்லை. விவகாரம் சமரசத்தில் முடிந்துவிட்டது. ஆனால் அவர்கள் செய்த விதம் எல்லாருக்கும் தெரிய வேண்டும்.

நாங்கள் போனது ஐந்து பேர். நான், என் கணவர், ஊரிலிருந்து வந்திருந்த மாமியார், ஆறு வயது மகன், மூன்று வயது மகள். மகன் ஜனவரியில் தொடக்கநிலை ஒன்றுக்குப் போகிறான், அதற்குள் குடும்பமாக ஒரு பயணம் என்று ஆசைப்பட்டோம். மாமியார் சுத்த சைவம். சின்னவள் இரண்டு வாய் சாப்பிட்டுவிட்டு ஓடுவாள், அரை மணி நேரத்தில் மறுபடி பசி என்பாள். இப்படிப்பட்ட குடும்பத்துக்கு எல்லாம் அடங்கிய விடுமுறைதான் சரி. அதை இன்றைக்கும் நம்புகிறேன். தட்டில் மிச்சம் வைத்தாலும் பில் ஏறாது, பாட்டிக்கு என்ன கிடைக்கும் என்று கடை கடையாக அலைய வேண்டாம்.

பயணக் கண்காட்சி ஒன்றில் எங்களிடம் பேசியவர் நம் தமிழ்ப் பையன்தான்.

"சாப்பாடு மூணு வேளையும் இருக்கா தம்பி? அத்தை சைவம்."

"எல்லாம் சேர்த்துதான் அக்கா. இந்தியன் வெஜிடேரியன் தனியாவே வச்சிருப்பாங்க. நீங்க பெட்டியை எடுத்துக்கிட்டு தானா மேரா படகு முனையத்துக்கு வந்தாப் போதும்."

"சின்னவளுக்கு மூணு வயசு. கிட்ஸ் கிளப்புல எடுத்துப்பாங்களா?"

"தாராளமா அக்கா."

வாய்ப்பேச்சோடு விடாமல், இதையெல்லாம் வாட்ஸ்ஆப்பில் எழுதி அனுப்பச் சொன்னேன். அனுப்பினார். சிங்கப்பூர்ப் பயணத்துறைக் கழகத்தின் உரிமம் இருக்கிறதா என்று அவர்களுடைய இணையப் பட்டியலில் பார்த்தோம், இருந்தது. விலை 2,480 சிங்கப்பூர் வெள்ளி. அந்தச் சலுகை விலை பேநவ் வழியாக, அதாவது வங்கிக் கணக்கிலிருந்து நேராக அனுப்பிக் கட்டினால் மட்டும்தான் என்றார்கள். நிறுவனத்தின் பதிவு எண்ணான யூஇஎன் எண்ணுக்குத்தான் பணம் போனது. ஆக, இது தெருவோர மோசடி இல்லை. உரிமம் உள்ள, கடை வைத்திருக்கும், ரசீது கொடுக்கும் நிறுவனம். அதனால்தான் இதை விரிவாகச் சொல்கிறேன்.

பிந்தானில் பண்டார் பெந்தான் தெலானி படகு முனையத்தில் இறங்கியதுமே முதல் செலவு. "பிந்தானுக்கு விசா தேவையில்லை" என்று எழுதிக் கொடுத்திருந்தார்கள். சிங்கப்பூர்ப் பாஸ்போர்ட்டுக்கு அது சரி. மாமியாரிடம் இருப்பது இந்தியப் பாஸ்போர்ட், அதன் நகலும் அவர்களிடம் முன்னமே இருந்தது. இறங்கியவுடன் 500,000 ரூப்பியா கட்டி விசா எடுத்தோம். ஊரிலிருந்து பெற்றோர் வந்திருக்கும் சமயத்தில் அவர்களையும் அழைத்துப் போக நினைப்பவர்கள், திரும்ப சிங்கப்பூருக்குள் நுழைய அவர்களுடைய விசா பலமுறை வந்துபோகும் விசாதானா என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

விடுதி வரவேற்பில் இருந்த பெண் மிகவும் தன்மையாகப் பேசினார். கணினித் திரையைத் திருப்பியே காட்டிவிட்டார். எங்கள் பெயரில் இருந்த பதிவு: அறை, இரண்டு பெரியவர்களுக்குக் காலை உணவு. அவ்வளவுதான். மாமியாருக்குக் கூடுதல் கட்டில் பதிவாகியிருந்தது, அவருக்குக் காலை உணவு இல்லை. பிள்ளைகளின் வயது எங்கேயும் பதிவாகவில்லை. மதியச் சாப்பாடு, இரவுச் சாப்பாடு யாருக்குமே இல்லை. வாட்ஸ்ஆப் செய்தியைக் காட்டினேன். படித்துவிட்டு, "முகவர் எங்களிடம் எதை வாங்கினாரோ அதைத்தான் நாங்கள் கொடுக்க முடியும்" என்றார். அவர் மேல் எனக்குக் கோபமே வரவில்லை. சிங்கப்பூருக்குப் போன் போட்டோம், யாரும் எடுக்கவில்லை. அந்தத் தம்பி செய்தியைப் படித்தார், நீலக்குறி விழுந்தது, பதில் வரவில்லை.

கையில் பசித்த பிள்ளைகளோடு அங்கே நிற்பது எப்படி இருக்கும் என்று பெற்றோருக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. பிந்தானில் மணி சிங்கப்பூரைவிட ஒரு மணி நேரம் பின்னால். அங்கே ஆறரைக்கு இரவு பஃபே திறக்கும்போது நம் பிள்ளைகளின் வயிற்றுக்கு ஏழரை. எங்கள் விடுதி இருந்த லகோய் பகுதி முழுக்க விடுதிகளுக்கென்றே ஒதுக்கிய இடம். கேட்டைத் தாண்டி நடந்தால் முக்குக்கடையோ காப்பிக்கடையோ கிடையாது. பிளாசா லகோய் என்று சிறு கடைத்தொகுதி இருக்கிறது, அதற்கும் வண்டி பிடிக்க வேண்டும். அதனால் விடுதியிலேயே சாப்பிட்டோம். பெரியவர் ஒருவருக்கு 450,000 ரூப்பியா என்று பலகையில் போட்டிருந்தது. அதன் மேல் வரியும் சேவைக் கட்டணமுமாக 21 விழுக்காடு ஏற, பில்லில் 544,500 ஆனது. மாமியார் சோறும் தயிரும் வெட்டிய பழமும் மட்டும் சாப்பிட்டார், அவருக்கும் அதே விலை. "எனக்கு வேணாம்மா, ரூம்ல பிஸ்கட் இருக்கு" என்று மறுநாள் அவர் சொன்னது இன்னும் எனக்கு ஆறவில்லை.

கிட்ஸ் கிளப் நான்கு வயதிலிருந்துதான். சின்னவளை உள்ளே விட வேண்டுமென்றால் பெற்றோர் ஒருவர் கூடவே இருக்க வேண்டும், அல்லது மணிக்கணக்கில் ஆயா வைத்துப் பணம் கட்ட வேண்டும். இது அந்த விடுதியின் குற்றமும் இல்லை. மூன்று வயதுப் பிள்ளையைப் பார்த்துக்கொள்ள அதிக ஆட்கள் வேண்டும், அதனால் பெரும்பாலான இடங்களில் நான்கு வயதை எல்லையாக வைக்கிறார்கள். கிளப் மெட் போல உண்மையிலேயே எல்லாம் அடங்கிய விலைக்கு விற்கும் இடங்களிலும், நான்குக்குக் கீழே உள்ளவர்களைப் பார்த்துக்கொள்ளத் தனிக்கட்டணம் உண்டு. விற்கிறவருக்கு இது தெரியாமல் இருக்க முடியாது.

கடலைப் பற்றியும் சொல்ல வேண்டும். லகோய் பிந்தானின் வடக்குக் கரையில் இருக்கிறது, தென்சீனக் கடலைப் பார்த்தபடி. நம் டிசம்பர் விடுமுறை வடகிழக்குப் பருவமழையின் நடுவில் வருகிறது. அலை பெரிதாக இருக்கும், கரையில் சிவப்புக் கொடி பறக்கும், பிள்ளைகளைத் தண்ணீரில் இறக்க முடியாது. படகும் ஆடும், சின்னவள் போகும்போதே வாந்தி எடுத்துவிட்டாள். விளம்பரத்தில் இருந்த நீலக் கடல் ஜூன் மாதத்துக் கடல். மலேசியக் கிழக்குக் கரைக்கும் இதே கதைதான். தெசாரு, தியோமான், செராத்திங் எல்லாம் அந்தப் பக்கம்தான். ரெடாங், பெர்ஹெந்தியான் தீவுகளில் பல விடுதிகள் அந்த மாதங்களில் மூடியே கிடக்கும். டிசம்பரில் பிள்ளைகள் கடலில் இறங்கித்தான் ஆக வேண்டும் என்றால் லங்காவி, புக்கெட் போன்ற மேற்குப் பக்கம் பாருங்கள். ஜூனில் அப்படியே தலைகீழ்: புக்கெட்டில் அலை, பிந்தானில் அமைதி. நீச்சல் குளம் போதும் என்கிற குடும்பத்துக்கு டிசம்பர் பிந்தானும் சரிதான், ஆனால் அது தெரிந்து போக வேண்டும்.

திரும்பி வந்த பிறகுதான் இந்த வியாபாரம் எப்படி நடக்கிறது என்று புரிந்தது. எல்லாம் அடங்கிய விடுதி என்பது கரீபியத் தீவுகளிலும் துருக்கி, ஸ்பெயின் கடற்கரைகளிலும் பரவலாக உள்ள வழக்கம். நம் பக்கத்தில் அப்படி நடத்தும் விடுதிகள் குறைவு. இங்கே பெரும்பாலான விடுதிகள் அறையும் காலை உணவும் விற்பவை. முகவர் அதை வாங்கி, படகுச் சீட்டைச் சேர்த்து, சாப்பாட்டுக் கூப்பன்களைத் தனியாக வாங்கிச் சேர்த்து, ஒரு பொட்டலமாக்கி விற்கிறார். சாப்பாட்டை அவர் வாங்காமல் விட்டால் விடுதிக்கு அது தெரியவே தெரியாது. எங்களுக்கு நடந்தது அதுதான். மறந்துவிட்டார்களா, வேண்டுமென்றே விட்டார்களா என்று எனக்கு நிரூபிக்க முடியாது. அடுத்த வாரம் அவர்கள் நடந்துகொண்ட விதத்தைப் பார்த்தால் மறதி என்று நம்ப மனம் வரவில்லை.

முதலில் விடுதி மேல் பழி போட்டார்கள். நல்ல வேளை, கிளம்பும் முன் என் கணவர் வரவேற்பில் கேட்டு, எங்கள் பதிவு விவரத்தை அச்சிட்டுக் கையெழுத்தும் முத்திரையும் வாங்கி வைத்திருந்தார். அதை அனுப்பியதும் பேச்சு மாறியது. அடுத்த பயணத்துக்கு 150 வெள்ளி கழிவுச் சீட்டு தருகிறோம் என்றார்கள். வேண்டாம் என்றோம். வங்கியைக் கேட்டோம். பேநவ்வில் நாமே அனுப்பிய பணத்தைப் பெற்றவர் சம்மதமில்லாமல் திரும்ப எடுக்க முடியாது என்றார்கள். கடன் அட்டையில் கட்டியிருந்தால், சொன்ன சேவை கிடைக்கவில்லை என்று வங்கி மூலம் மறுப்புத் தெரிவிக்க வழி இருக்கிறது. பேநவ்வுக்கு மட்டும் சலுகை என்று யாராவது சொன்னால், அந்தச் சலுகைக்காக நீங்கள் விட்டுக்கொடுப்பது இந்தப் பாதுகாப்பைத்தான். பயணக் காப்புறுதியையும் எடுத்திருந்தோம். நோய், ரத்து, முகவர் நொடித்துப் போவது போன்றவற்றுக்கு அது உதவும், சொன்னதில் பாதி கொடுத்தார்கள் என்பதற்கு உதவாது. பயணத்துறைக் கழகம் உரிமத்தைக் கவனிக்கும். நம் பணத்தை வாங்கித் தருவது அதன் வேலையில்லை.

சிங்கப்பூர்ப் பயனீட்டாளர் சங்கத்தில், அதாவது கேஸ் அமைப்பில், விவரம் கேட்டோம். தெளிவாகச் சொன்னார்கள். அதன் பிறகு, எல்லாரும் ஸ்மால் கிளெய்ம்ஸ் என்று சொல்லும் சிறு கோரிக்கைகள் நடுவர் மன்றத்தில் பதிவு செய்தோம். பலருக்கு நீதிமன்றம் என்றாலே தயக்கம், அதனால் கொஞ்சம் விளக்குகிறேன். வீட்டிலிருந்தே இணையத்தில் பதியலாம். 20,000 வெள்ளி வரையிலான கோரிக்கையை எடுத்துக்கொள்வார்கள், இரு தரப்பும் ஒப்புக்கொண்டால் 30,000 வரை. சம்பவம் நடந்து இரண்டு ஆண்டுக்குள் போக வேண்டும். 5,000 வெள்ளிக்கு உட்பட்ட கோரிக்கைக்கு நம்மைப் போன்ற பயனீட்டாளர் கட்டுவது 10 வெள்ளி. வழக்கறிஞர்களுக்கு அங்கே இடமில்லை, எதிர்த் தரப்பும் வழக்கறிஞரை நிறுத்தி நம்மை மிரட்ட முடியாது. பதிந்த பிறகு இணையத்திலேயே இரு தரப்பும் பேரம் பேசிக்கொள்ள வசதி இருக்கிறது. அதுவரை போனை எடுக்காத நிறுவனம், பதிந்தது தெரிந்ததும் தானாகவே பேச வந்தது. பாதி தருகிறோம் என்றார்கள். நாங்கள் அசையவில்லை. கலந்துரையாடலுக்கு அழைத்த நாளில், வாட்ஸ்ஆப் செய்தி, ரசீது, விடுதி கொடுத்த தாள், சாப்பாட்டு பில்கள் எல்லாவற்றையும் வரிசையாக வைத்தோம். சாப்பாட்டுக்கும் ஆயாவுக்கும் ஆன 640 வெள்ளியைக் கொடுக்க ஒப்புக்கொண்டார்கள். விசாச் செலவு வரவில்லை. பிள்ளைகளின் விடுமுறையை யாரும் திருப்பித் தர முடியாது என்பதும் தெரிந்ததுதான்.

இனி நீங்கள் செய்ய வேண்டிய அந்த ஒரு வேலை. மீதிப் பணம் கட்டுமுன் விடுதிக்கு நீங்களே நேராக எழுதுங்கள். விடுதியின் சொந்த இணையத்தளத்தில் உள்ள மின்னஞ்சலுக்கு எழுத வேண்டும், முகவர் கொடுக்கும் எண்ணுக்கு வேண்டாம். "இந்தத் தேதியில் இந்தப் பெயரில் எங்களுக்குப் பதிவு இருக்கிறது. அதில் எத்தனை பெரியவர்கள், எத்தனை பிள்ளைகள், பிள்ளைகளின் வயது என்ன என்று பதிவாகியிருக்கிறது? யார் யாருக்கு எந்தெந்த வேளைச் சாப்பாடு கட்டப்பட்டிருக்கிறது? வரியும் சேவைக் கட்டணமும் சேர்ந்ததா? மூன்று வயதுப் பிள்ளையைக் கிட்ஸ் கிளப்பில் தனியாக விடலாமா, கட்டணம் உண்டா?" இவ்வளவு போதும். சைவம் என்றால், முட்டையும் மீன் சாறும் சேராத இரவுச் சாப்பாடு என்னென்ன கிடைக்கும் என்று பெயர் சொல்லிக் கேளுங்கள். "வெஜிடேரியன் இருக்கிறது" என்ற பதிலோடு விட்டுவிடாதீர்கள், வதக்கிய காய்கறியில் சிப்பிச் சாறு ஊற்றியிருப்பார்கள்.

சில முகவர்கள் மொத்தமாக அறைகளைப் பிடித்து வைத்து, விருந்தினர் பெயர்களைக் கடைசி நேரத்தில்தான் விடுதிக்கு அனுப்புவார்கள். அப்போது விடுதி "உங்கள் பெயரில் பதிவு இல்லை" என்று பதில் எழுதலாம், உடனே பதற வேண்டாம். முகவரிடம் சொல்லிப் பெயரை அனுப்ப வையுங்கள், விடுதியே தரும் உறுதிக் கடிதத்தைக் கேளுங்கள். பணம் முழுவதும் கட்டினால்தான் கடிதம் தருவோம் என்று அவர்கள் நின்றால், மீதியைக் கடன் அட்டையில் மட்டும் கட்டுவோம் என்று நீங்களும் நில்லுங்கள். அதற்கும் ஒப்புக்கொள்ளாவிட்டால் வேறு முகவரைப் பாருங்கள்.