பல் இடுக்கு பிரஷ்: ஈறு வளர்ந்த ஒருத்தியின் 14 மாத அனுபவம்

அக்கா கொடுத்த சிறுநீரகத்தோடு வாழ்கிறேன். அதை என் உடம்பு தள்ளிவிடாமல் இருக்க தினமும் இரண்டு வேளை சைக்ளோஸ்போரின். அறுவை முடிந்த மூன்றாவது மாதம், முன்பற்களுக்கு நடுவே இருக்கும் ஈறு முனைகள் உருண்டு திரள ஆரம்பித்தன. வலியே இல்லை. எட்டாவது மாதம் முன்பற்கள் பாதி மறைந்துவிட்டன. போட்டோ எடுக்கும்போது உதட்டை இறுக்கி மூடிக்கொள்வேன்.

இந்த மாத்திரை சாப்பிடும் பெரியவர்களில் சுமார் 25 முதல் 30 சதவீதம் பேருக்கு இப்படி ஆகும் என்று அப்புறம்தான் தெரிந்தது. வீட்டுக்கு அனுப்பும்போது கொடுத்த தாள்களில் காய்ச்சல் பற்றி இருந்தது, ரத்த அழுத்தம் பற்றி இருந்தது. வாயைப் பற்றி ஒரு வரி இல்லை. அந்த வருத்தம் இன்னும் ஆறவில்லை.

ஈறு நிபுணர் பற்காரையைச் சுத்தம் செய்து, முன்பக்கம் வளர்ந்திருந்ததை வெட்டி எடுத்து, அந்தத் துண்டைப் பரிசோதனைக்கு அனுப்பினார். முடிவில் தடித்த கொலாஜன் நார்கள், அவற்றுக்கு நடுவே நிறைய பிளாஸ்மா செல்கள், லிம்போசைட்டுகள் என்று இருந்தது. எனக்குப் புரியவில்லை. "நோய் எதிர்ப்பை அடக்கத்தானே மாத்திரை சாப்பிடுகிறேன் டாக்டர், அங்கே எப்படி இத்தனை எதிர்ப்புச் செல்கள்?" என்று கேட்டேன்.

அவர் பொறுமையாகச் சொன்னார். சைக்ளோஸ்போரின் முக்கியமாகப் பிடித்து நிறுத்துவது எதிர்ப்புச் செல்களில் ஒரு வகையான டி செல்களை. கால்சினியூரின் என்ற நொதியைத் தடுப்பதால், இன்டர்லூகின்-2 என்ற அழைப்பை அவற்றால் போதுமான அளவு அனுப்ப முடிவதில்லை. ஆனால் பல் ஓரத்தில் கிருமிப் படலம் படிந்தால் மற்ற செல்கள் வரத்தான் செய்யும். அதில் மேக்ரோஃபேஜ்கள் கிருமியை விழுங்குவதோடு நிற்காமல், திசுவை வளரச் சொல்லும் சமிக்ஞைகளையும் சுரக்கின்றன. நார் செய்யும் செல்கள் அதைக் கேட்டு கொலாஜனைக் குவிக்கின்றன. பழைய நாரை அப்புறப்படுத்தும் வேலையையோ மாத்திரை மந்தமாக்கிவிடுகிறது. வரவு கூடி, செலவு குறைந்தால் ஈறு வீங்காமல் என்ன செய்யும்? நான் சாப்பிட்ட நிஃபெடிபின் என்ற ரத்த அழுத்த மாத்திரையும் இதே வேலையைச் செய்யக்கூடியது. சிறுநீரக மருத்துவர் அதை மாற்றிக் கொடுத்தார். சைக்ளோஸ்போரினுக்குப் பதிலாக டாக்ரோலிமஸ் என்ற இன்னொரு எதிர்ப்பு அடக்கும் மருந்துக்கு மாறினால் ஈறு தொல்லை குறையும், ஆனால் சர்க்கரை நோய் வரும் வாய்ப்பு கூடும். அம்மாவுக்கு இருப்பதால் எனக்கு வேண்டாம் என்று முடிவானது.

ஆக, மருந்தை நிறுத்த முடியாது. என் கையில் இருப்பது அந்தக் கிருமிப் படலம் ஒன்றுதான். அதற்குத்தான் இந்த பிரஷ்.

சாதாரண பிரஷ் பல்லின் முகத்தைத் தேய்க்கும். இந்த வளர்ச்சி தொடங்குவதோ இரண்டு பல்லுக்கு நடுவில். மெல்லிய கம்பியைச் சுற்றி முடி வைத்த இந்த பிரஷ் நேராக அங்கேயே போகிறது. முன்பற்களுக்கு இருப்பதிலேயே மெலிந்த அளவு, கடைவாய்க்கு அதைவிட இரண்டு அளவு பெரியது. அளவை நிபுணரே ஒவ்வொரு இடுக்காகப் பார்த்துச் சொன்னார். நானாக வாங்கியிருந்தால் தப்பாகத்தான் வாங்கியிருப்பேன். தடையில்லாமல் நுழைய வேண்டும், முடி மட்டும் இரண்டு பக்கமும் உரச வேண்டும். முட்டினால் அழுத்தவே கூடாது. இரவில் கண்ணாடி முன் ஆறு நிமிடம் ஆகிறது. முதல் பத்து நாள் ரத்தம் வந்தது, பிறகு நின்றது.

குறைகளும் உண்டு. கம்பி சீக்கிரம் வளைகிறது, கடைவாயில் இரண்டு முறை ஒடிந்தே போனது. கைப்பிடி குட்டை என்பதால் பின்பற்களுக்கு விரலை வாய்க்குள் விட வேண்டியிருக்கிறது. கூடவே வரும் மூடியை நான் போடுவதில்லை. ஈரத்தோடு மூடினால் கிருமி சேரும், எங்களைப் போன்றவர்களுக்கு அது ஆகாது. கழுவி, உதறி, காய வைக்கிறேன். முடி கலைந்ததும் புதிது எடுக்கிறேன்.

ஏற்கெனவே திரண்டு தடித்த ஈறை இது கரைக்காது. எனக்கு அது வெட்டித்தான் போனது. இடுக்கே மூடிக் கிடந்த நாட்களில் இந்த பிரஷ் உள்ளே நுழையவே இல்லை; அப்போது ஒற்றைக் கொத்து பிரஷ்ஷால் ஈறு ஓரத்தை வருடிக்கொண்டிருந்தேன். ஆகவே மாற்று சிறுநீரகம் வைத்த முதல் வாரங்களிலேயே, உங்கள் மருத்துவரைக் கேட்டுக்கொண்டு, தொடங்கிவிடுங்கள். நான் எட்டு மாதம் தாமதித்தேன்.

வெட்டிய பிறகும் பலருக்குத் திரும்ப வளரும் என்று எச்சரித்திருந்தார்கள். 14 மாதம் ஆகிறது, மேல்வரிசை அப்படியே இருக்கிறது. கீழே கோரைப்பல் பக்கத்தில் ஒரு முனை மட்டும் லேசாகத் தூக்கியிருக்கிறது. அங்கே மட்டும் காலையிலும் ஒரு முறை விட்டு எடுக்கிறேன். ஐந்துக்கு நாலு கொடுக்கிறேன். ஒன்றைக் குறைத்தது அந்தக் கம்பிக்காக.