பழைய ரைடிங் மோவர் வாங்கப் போகிறவர்களே, 1,450 டாலர் இழந்தவன் சொல்கிறேன், ஒரு நிமிஷம் நில்லுங்கள்

எனக்குப் பழைய மோவர் விற்ற கடைக்கு இன்று மதியம் ஐந்தாவது தடவையாகப் போன் செய்தேன். "எங்களால் இனி ஒன்றும் செய்ய முடியாது" என்று சொல்லி வைத்துவிட்டார்கள். அந்த ஆத்திரம் அடங்குவதற்குள் எழுதிவிட வேண்டும் என்று உட்கார்ந்திருக்கிறேன். போனது 1,450 டாலர். கையில் மிஞ்சியது மேட்டில் ஏறாத ஒரு ரைடிங் மோவர், அதாவது உட்கார்ந்து ஓட்டிப் புல் வெட்டுகிற வண்டி. பணத்தை விட என்னைத் தூங்க விடாத விஷயம் ஒன்று இருக்கிறது, அதையும் சொல்கிறேன்.

நாங்கள் இருப்பது அமெரிக்காவில், ஜார்ஜியா மாநிலத்தில், அட்லாண்டாவுக்கு வடக்கே. போன வருஷக் கடைசியில்தான் இந்த வீட்டுக்கு வந்தோம். மனை 1.25 ஏக்கர். வீடும் டிரைவ்வேயும் போக ஒரு ஏக்கர் சுத்தமாகப் புல். பின்பக்கம் ஓடையை நோக்கிச் சரிவு. பழைய வீட்டில் வைத்திருந்த 21 அங்குலத் தள்ளு மெஷினையே ஏப்ரலில் எடுத்தேன். ஒரு ஏக்கர் என்றால் 43,560 சதுர அடி. 21 அங்குல அகலத்தில் அதை ஒரு தடவை வெட்டி முடிக்க 4.7 மைல் நடக்க வேண்டும், அதுவும் ஒரு வரிசை மேல் இன்னொரு வரிசை கொஞ்சமும் ஏறாமல் போனால். பெர்முடா புல் இங்கே அக்டோபர் வரை விடாமல் வளரும். நாலாவது வாரத்தில் இடுப்பு பிடித்துக்கொண்டது. சரி, உட்கார்ந்து ஓட்டுவது ஒன்று வாங்கிவிடலாம் என்று முடிவு செய்தோம்.

படிக்காமல் வாங்கியவன் இல்லை நான். மூன்று வாரம் ராத்திரி உட்கார்ந்து படித்தேன். ஜீரோ டர்ன் என்கிற, நின்ற இடத்திலேயே திரும்பக்கூடிய வண்டி வேகமாக வெட்டும், மரத்தைச் சுற்றி அழகாகத் திரும்பும், ஆனால் சரிவுக்கு ஆகாது. பல மாடல்களின் கையேட்டிலேயே 10 டிகிரிக்கு மேல் வேண்டாம் என்று போட்டிருக்கும். சின்ன டிராக்டர் மாதிரி ஸ்டீயரிங் வைத்த லான் டிராக்டருக்குப் பொதுவாக 15 டிகிரி வரை சொல்கிறார்கள். எங்கள் சரிவைப் போனை வைத்து அளந்தேன், 12 வந்தது. அதனால் லான் டிராக்டர், 42 அங்குல டெக் (பிளேடை மூடியிருக்கும் அடிப்பெட்டி). பின்பக்க வேலிக் கதவின் அகலத்தைக்கூட டேப் பிடித்துப் பார்த்து வைத்திருந்தேன். இவ்வளவும் பார்த்தவன், விற்கிற ஆளைப் பார்க்கத் தவறிவிட்டேன்.

புதிதாக வாங்கினால் 2,000 டாலருக்குக் கீழே நல்லது கிடைக்கவில்லை. அப்போதுதான் இணையத்தில் விளம்பரம் கண்ணில் பட்டது. நெடுஞ்சாலை ஓரத்தில் தகர ஷெட் போட்டு, பழைய மோவர்களை வாங்கிச் சரிசெய்து விற்கிற கடை. பெயர் போட வேண்டாம் என்று வக்கீல் நண்பர் சொல்லிவிட்டார், அதனால் போடவில்லை. 2018 மாடல், 142 மணி நேரம்தான் ஓடியது, விலை 1,450 டாலர், முப்பது நாள் வாரண்டி என்று இருந்தது.

சனிக்கிழமை காலை அப்பாவையும் கூட்டிக்கொண்டு போனேன். அப்பா பட்டுக்கோட்டைப் பக்கம் நாற்பது வருஷம் விவசாயம் பார்த்தவர். ஏப்ரலில்தான் அம்மாவோடு எங்களைப் பார்க்க வந்தார். கடைக்காரருக்கு அறுபது வயசு இருக்கும். கையில் கிரீஸ், முகத்தில் சிரிப்பு. அப்பாவைப் பார்த்ததும் தொப்பியைக் கழற்றி வணக்கம் சொன்னார், நிழலில் நாற்காலி போட்டார், குளிர்ந்த தண்ணீர் கொடுத்தார். அவருடைய அப்பாவும் நிலக்கடலை போட்டவராம். எத்தனை குழந்தைகள் என்று கேட்டார். ஒரே பெண், ஆறு வயசு என்றேன். "அப்படியானால் பாதுகாப்பான வண்டிதான் உங்களுக்கு வேண்டும். என் பேரனுக்கு வாங்குவது மாதிரி பார்த்துத் தருகிறேன்" என்றார். நான் விழுந்த இடம் அதுதான். அதற்கப்புறம் அவர் சொன்னது எதையும் நான் சந்தேகிக்கவில்லை.

பானெட்டைத் திறந்து காட்டினார். எண்ணெய் தேன் நிறத்தில் இருந்தது. பிளேடு புதுசு, சீட் புதுசு, பளபளவென்று ஸ்டிக்கர். சாவியைத் திருப்பியதும் அரை நொடியில் ஸ்டார்ட் ஆனது. அப்பா இன்ஜின் பக்கம் உள்ளங்கையை வைத்துப் பார்த்துவிட்டு மெதுவாகச் சொன்னார்:

"தம்பி, இது ஏற்கெனவே சூடா இருக்குடா. நாம வர்றதுக்கு முன்னாலயே ஓட்டி வச்சிருக்கான்."

"சும்மா இருங்கப்பா, நமக்காகச் சரிபார்த்து வச்சிருப்பாங்க" என்றேன். அவர் அப்புறம் பேசவில்லை. அந்த வார்த்தையைத் திரும்ப எடுத்துக்கொள்ள முடியுமானால் இன்னொரு 1,450 டாலர் கூடக் கொடுப்பேன்.

கடைக்கு முன்னால் இருந்த சமதளத்தில் ஐந்து நிமிஷம் ஓட்டிப் பார்த்தேன். வெண்ணெய் மாதிரி போனது. பணம் கட்டும்போது, கார்டு என்றால் 3 சதவீதம் கூட ஆகும், 43.50 டாலர், பேங்க் கணக்கிலிருந்து நேராகப் பணம் அனுப்புகிற செல் (Zelle) சேவை மூலம் அனுப்பினால் அது மிச்சம் என்றார். அனுப்பினேன். கையால் எழுதிய பில்லை நாலாக மடித்து என் சட்டைப் பையில் அவரே வைத்தார். பிரித்துப் படிக்கவில்லை.

அன்று சாயந்திரம் முன்பக்கம் மட்டும் வெட்டினேன். சமதளம், இருபது நிமிஷ வேலை, ஒரு குறையும் இல்லை. அடுத்த சனிக்கிழமை முன்பக்கத்தை முடித்துவிட்டுப் பின்பக்கம் இறங்கினேன். கிட்டத்தட்ட அரை மணி நேரம் ஆனதும் சரிவில் ஏறுகிற வேகம் குறைந்தது. அடியிலிருந்து ஊளையிடுகிற மாதிரி ஒரு சத்தம். பெடலை முழுக்க மிதித்தும் நடுச் சரிவில் நின்றுவிட்டது. நின்ற வண்டி மெதுவாகப் பின்னால் நகர ஆரம்பித்தது. பின்னால் ஓடை. பிரேக்கை முழு பலத்தோடு மிதித்து, பார்க்கிங் பிரேக்கைப் போட்டு நிறுத்தினேன். பதற்றத்தில் பிளேடை அணைக்காமல் இறங்கிவிட்டேன். அது என் தப்பு, மறுக்கவில்லை. ஆனால் இந்த வண்டிகளில் சீட்டுக்கு அடியில் ஒரு சுவிட்ச் இருக்கும். பிளேடு ஓடும்போது ஆள் சீட்டை விட்டு எழுந்தால் இன்ஜின் அந்த இடத்திலேயே அணைய வேண்டும். இந்த மாதிரிப் பதற்றத்துக்காகத்தான் அதை வைத்திருக்கிறார்கள்.

அணையவில்லை. நான் புல்லில் நிற்கிறேன், வண்டியில் யாரும் இல்லை, டெக்குக்கு அடியில் பிளேடு முழு வேகத்தில் சுற்றுகிறது. அந்த பிளேடின் நுனி மணிக்கு 200 மைல் வேகம் வரை போகும். என் மகள் தண்ணீர் பாட்டிலை எடுத்துக்கொண்டு "அப்பா, அப்பா" என்று சரிவில் ஓடி வருகிறாள். என் அப்பா எழுபத்தொரு வயசில் எப்படி அவ்வளவு வேகமாக ஓடினார் என்று தெரியவில்லை, அவளை இடுப்போடு தூக்கிவிட்டார். நான் சாவியை அணைத்தேன். மூன்று பேரும் புல்லிலேயே உட்கார்ந்துவிட்டோம்.

வண்டி ஆறிய பிறகு சீட்டைத் தூக்கிப் பார்த்தேன். சுவிட்சுக்குப் போகிற பிளக்கைப் பிடுங்கிவிட்டு, அதன் இரண்டு ஓட்டைகளையும் ஒரு விரல் நீளச் செம்புக் கம்பியால் இணைத்து, மேலே கறுப்பு டேப் சுற்றி இருந்தது. டேப் புதுசு, பசை கையில் ஒட்டியது. பழைய சொந்தக்காரர் செய்த வேலையாக எனக்குத் தோன்றவில்லை. என் வீட்டில் ஆறு வயசுக் குழந்தை இருக்கிறது என்று கேட்டுத் தெரிந்துகொண்டு, அந்த சீட்டில் என்னை உட்கார வைத்து அனுப்பியிருக்கிறார்.

இனி அந்தக் கடையின் பதில்களைக் கேளுங்கள். திங்கள்கிழமை: "பெல்ட் தளர்ந்திருக்கும், நீங்களே முறுக்கிக்கொள்ளலாம்." முறுக்கிப் பார்த்தேன், பலன் இல்லை. புதன்கிழமை: "பின்னால் இருக்கும் நியூட்ரல் கம்பி வெளியே இழுத்திருக்கும், உள்ளே தள்ளுங்கள்." வண்டியைக் கையால் தள்ளுவதற்காக இழுத்துவிடுகிற கம்பி அது, உள்ளேதான் இருந்தது. வெள்ளிக்கிழமை வேறு ஒரு குரல்: "மெக்கானிக் லீவு, செவ்வாய்க்கிழமை கூப்பிடுங்கள்." செவ்வாய்க்கிழமை கூப்பிட்டால், "சரிவில் ஓட்டினீர்களா? அது முறை தவறிய உபயோகம், வாரண்டி இல்லை. அதோடு வாரண்டி இன்ஜினுக்கு மட்டும்தான், டிரான்ஸ்மிஷனுக்கு இல்லை." சீட் சுவிட்சைக் கேட்டேன். "நாங்கள் தொடவே இல்லை." செம்புக் கம்பியைப் போட்டோ எடுத்து அனுப்பினேன். பார்த்ததற்கு அடையாளம் வந்தது, பதில் வரவில்லை. இன்று கூப்பிட்டபோது, "பில்லைப் படியுங்கள்" என்றார்கள்.

படித்தேன். பின்பக்கத்தில் சின்ன ரப்பர் ஸ்டாம்ப்: ஆஸ் ஈஸ். இருக்கிற நிலையில் அப்படியே விற்கப்பட்டது என்று அர்த்தம். முப்பது நாள் வாரண்டி என்ற பேச்சே பில்லில் இல்லை. விளம்பரத்தையும் எடுத்துவிட்டார்கள், நான் அதைப் படம் பிடித்து வைக்கவில்லை. பேங்கில் கேட்டால், "நீங்களே சம்மதித்து அனுப்பிய பணம், மோசடிக் கணக்கில் வராது" என்கிறார்கள். கிரெடிட் கார்டில் கட்டியிருந்தால் தகராறு எழுப்பிப் பார்க்கவாவது ஒரு வழி இருந்திருக்கும். 43.50 டாலர் மிச்சம் பிடிக்கப் போய் 1,450 டாலரை விட்டேன். அப்பா அதை ரூபாயில் கணக்குப் போட்டு, ஒரு லட்சத்து இருபதாயிரத்துக்கு மேல் வருகிறது என்றார். அதற்கு மேல் ஒரு வார்த்தை திட்டவில்லை. திட்டியிருந்தால் மனசு கொஞ்சம் ஆறியிருக்கும்.

வேறு ஒரு மெக்கானிக்கை வீட்டுக்கு வரவழைத்துக் காட்டினேன். நல்ல மனிதர், பத்து நிமிஷத்தில் சொல்லிவிட்டார். வீட்டு உபயோக லான் டிராக்டர்கள் நிறையவற்றில், இன்ஜின் சக்தியை எண்ணெய் அழுத்தத்தால் சக்கரத்துக்குக் கொண்டுபோகிற ஹைட்ரோஸ்டாட்டிக் டிரான்ஸ்மிஷன் மூடி சீல் வைத்தது, எண்ணெய் வடிக்க ஓட்டைகூட இருக்காது. உள்ளே தேய்ந்து போனால், எண்ணெய் குளிர்ந்திருக்கும் வரை நன்றாக இழுக்கும். அரை மணி ஓடி எண்ணெய் சூடாகி நீர்த்ததும் அழுத்தம் நிற்காது, மேட்டில் கைவிட்டுவிடும். சமதளத்தில் ஐந்து நிமிஷம் ஓட்டினால் கடவுளே வந்தாலும் கண்டுபிடிக்க முடியாது என்றார். மாற்றுவதற்குக் கூலியோடு 1,100 டாலர் கேட்டார். அப்புறம் இன்ஜினில் எண்ணெய் அழுக்கைத் துணியால் துடைத்து, உலோகத்தில் குத்தியிருந்த எண்ணைக் காட்டினார். பிரிக்ஸ் அண்ட் ஸ்ட்ராட்டன் இன்ஜின்களில் கோட் (Code) என்று இருக்கும் எண்ணின் முதல் இரண்டு இலக்கம் தயாரித்த வருஷம், அடுத்த இரண்டு மாதம். என் இன்ஜினில் 1104 என்று ஆரம்பித்தது. 2011 ஏப்ரல். எனக்குச் சொன்னது 2018. 142 மணி நேரம் காட்டுகிற அந்த மீட்டரும் வெளியில் வாங்கி மாட்டியது, புதுசாக வாங்கினால் இருபது டாலர்கூட ஆகாது என்றார்.

எப்படிப் பார்த்து வாங்க வேண்டும் என்று விரிவாக எழுதத்தான் நினைத்தேன், டெக், இன்ஜின், டயர் என்று எல்லாவற்றுக்கும் குறிப்பு வைத்திருந்தேன். இப்போது அதற்கு மனசு இல்லை. அவசரமாகச் சிலது மட்டும். போனதும் இன்ஜினைத் தொட்டுப் பாருங்கள், சூடாக இருந்தால் அது குளிரில் ஸ்டார்ட் ஆகத் திணறுமா என்பது தெரியாது, "நாளைக்கு வருகிறேன், அதுவரை ஸ்டார்ட் செய்யாதீர்கள்" என்று சொல்லித் திரும்புங்கள். அரை மணி நேரம் ஓட்டுங்கள், மேட்டில் ஏற்றுங்கள், அதற்குக் கடைக்காரர் சம்மதிக்கவில்லை என்றால் வாங்காதீர்கள். சுற்றிலும் ஆள் இல்லாத இடத்தில், பார்க்கிங் பிரேக்கைப் போட்டுவிட்டு பிளேடு ஓடும்போது சீட்டிலிருந்து லேசாக உடம்பைத் தூக்குங்கள், கால் கீழே இறங்க வேண்டாம். இன்ஜின் உடனே அணைய வேண்டும். அணையவில்லை என்றால் விலை பேசவே பேசாதீர்கள். செல்லில் பணம் அனுப்பாதீர்கள். பில்லின் பின்பக்கத்தைப் படியுங்கள். புல் வெட்டி முடிக்கும் வரை குழந்தைகளை வீட்டுக்குள் வையுங்கள், மடியில் உட்கார வைத்து ஓட்டவே வேண்டாம். பெரியவர் யாராவது கூட வந்து ஏதாவது சொன்னால், தயவுசெய்து காது கொடுத்துக் கேளுங்கள்.

ஜார்ஜியாவில் 15,000 டாலர் வரைக்கும், சின்னப் பண வழக்குகளைப் பார்க்கிற மாஜிஸ்திரேட் கோர்ட்டில் வக்கீல் இல்லாமலே வழக்குப் போடலாம். ஆஸ் ஈஸ் ஸ்டாம்ப் இருக்கும்போது நிற்குமா என்று நண்பருக்கும் சந்தேகம்தான், இருந்தாலும் பொய்யான வருஷம் சொல்லி விற்றதை வைத்துப் பார்க்கலாம் என்கிறார். திங்கள்கிழமை காலை போகிறேன். கம்பியும் டேப்பும் ஒரு ஜிப் கவரில் பத்திரமாக இருக்கிறது. வண்டி கராஜில் நிற்கிறது, சாவியை நானே ஒளித்து வைத்திருக்கிறேன். பின்பக்கம் புல் முழங்காலுக்கு வந்துவிட்டது. மகள் அந்தப் பக்கம் போக மாட்டேன் என்கிறாள்.