அம்மாவுக்கு வாங்குன கிழமை காட்டுற கடிகாரம், எட்டு மாசம் யூஸ் பண்ணதுக்கு அப்புறம்

கோலாலம்பூர் செந்தூல்ல அம்மா தனியா இருக்காங்க, 74 வயசு, அல்சைமர் ஆரம்ப நிலைன்னு டாக்டர் சொல்லிட்டாரு. பழசெல்லாம் பளிச்சுன்னு ஞாபகம் இருக்கும், அப்பா ரயில்வே ஒர்க்‌ஷாப்புக்கு எத்தனை மணிக்குக் கிளம்புவாருன்னு கேட்டா உடனே சொல்லுவாங்க, ஆனா இன்னைக்கு என்ன கிழமைன்னு நிக்காது. ஒரு நாள் வெள்ளிக்கிழமைன்னு தெரியாம கோழிக்கறி ஆக்கிட்டு, அப்புறம் தெரிஞ்சதும் சாமி மேடை முன்னாடி உக்காந்து அழுதாங்க. அன்னைக்கு ராத்திரியே இந்தக் கடிகாரத்தை ஆர்டர் பண்ணேன், 190 வெள்ளி (ரிங்கிட்).

கிழமை, தேதி, காலையா ராத்திரியான்னு பெரிய எழுத்துல காட்டுது, நல்லாவே தெரியுது. ஆனா மெனுவுல தமிழ் இல்ல. அம்மா தோட்டத்து (எஸ்டேட்) தமிழ்ப்பள்ளியில படிச்சவங்க, மத்த எழுத்து வராது. மெமரி கார்டுல நம்ம படமும் குரலும் போட்டு நேரம் வைக்கலாம்னு ஒரு வாரம் கழிச்சுத்தான் கண்டுபிடிச்சேன், இப்ப வெள்ளிக்கிழமை காலையில முருகன் படத்தோட "இன்னைக்கு வெள்ளி, கறி வேணாம்"னு வருது. எட்டு மணிக்கு என் குரல்ல "மா, மருந்து சாப்பிடுங்க". "சரிம்மா"ன்னு அதுக்கு பதில் சொல்றாங்க! முன்னாடி வாங்குன பேசுற ஸ்பீக்கர் இங்கிலீஷ்ல பேசவும், யாரோ வீட்டுக்குள்ள வந்துட்டாங்கன்னு பயந்துட்டாங்க, அதை அன்னைக்கே எடுத்துட்டோம். ஆனா மருந்து உண்மையா சாப்பிட்டாங்களான்னு கடிகாரத்துக்குத் தெரியாது, கிழமை வாரியா பிரிச்ச மருந்து டப்பாவும் ஒரு போன் காலும் கண்டிப்பா வேணும்.

இன்னொண்ணு, அம்மா படுக்கப் போறப்ப எல்லா சுவிட்சையும் ஆஃப் பண்ணிடுவாங்க, நாப்பது வருஷப் பழக்கம், அதை மாத்தவே முடியாது. அதனால கடிகார வயரை அலமாரிக்குப் பின்னாடி விட்டு அங்க இருக்குற பிளக்குல சொருகினேன். இந்த மாதிரி சாமான் தயாரிக்கிறவங்க யோசிக்கணும்ங்க, புதுசா எதையும் கத்துக்க வைக்கக் கூடாது. தொட்டா எரியுற சுவிட்ச் மாட்டுனப்ப அம்மா இருட்டுல சுவத்தைத் தடவிட்டு நின்னாங்க, பழைய சுவிட்சையே திரும்பப் போட்டோம். பாத்ரூம் வழியில ஆள் நடந்தா தானா எரியுற லைட்டு மட்டும் ஒட்டி இருக்கோம், அதுல அவங்க செய்ய வேண்டியது ஒண்ணுமே இல்ல, அதான் நல்லா வேலை செய்யுது.

கேமரா வைக்கட்டுமான்னு கேட்டேன், வேணாம்னாங்க, வைக்கல. இப்பவே கேட்டுடுங்க, அவங்களால யோசிச்சு சொல்ல முடியுற நேரம் இதுதான்.

அஞ்சுல நாலு கொடுக்குறேன், தமிழ் வந்தா அஞ்சு. ஏழு நாளுக்கும் நான் செஞ்ச தமிழ் படம் இருக்கு, உங்க அப்பா அம்மாவுக்கு வேணும்னா கேளுங்க, அனுப்புறேன்.